எனக்கு நானே போட்ட இரண்டு புள்ளி

உனக்கு நீயே புள்ளி போடு என்று ஒரு கல்லூரி கேட்டபோது, ஜெர்மனியில் ஆசிரியர்களுக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது போலும் என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்கள் படித்த காலத்தில் புள்ளி போடுவது ஆசிரியரின் வேலை, அழுவது எங்களுடைய வேலை. இரண்டையும் ஒருவரே செய்வதென்றால் கல்லூரி எதற்கு?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தாதியாக வேலை செய்கிறேன். வேலை செய்துகொண்டே படிக்கும் தொலைக்கல்விக் கல்லூரி ஒன்றில், பராமரிப்பு முகாமைத்துவத்துக்கான பாச்சிலர் பட்டத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தேன். மகளுக்கு அபிட்டூர் என்ற பள்ளியிறுதிச் சோதனை வந்ததுதான் காரணம். எங்கள் வீடுகளில் பிள்ளைக்குச் சோதனை என்றால் தாய், தகப்பன், தொலைக்காட்சி எல்லாரும் சேர்ந்துதான் சோதனை எழுதுவோம். மகள் நன்றாக எழுதி, தெற்கே தூரத்தில் உள்ள கார்ஹிங்கில் இயற்பியல் படிக்கப் போய்விட்டாள். அவள் போன பிறகு வீட்டில் நானும் கணவரும் அந்தப் பாதிப் பட்டமும் மிஞ்சினோம்.

அந்த மிச்சப் பாதிக்குத் திடீரென்று பெறுமதி வந்தது. எங்கள் பகுதியின் தலைமைத் தாதி இலையுதிர்காலத்தோடு ஓய்வுபெறப் போகிறார் என்ற செய்தி வந்தது. இல்லத்தின் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "அதற்குள் பட்டத்தை முடித்தால் அந்த இடம் உங்களுக்கு. இல்லாவிட்டால் பட்டத்தை முடிக்கும் வேறு ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்" என்றார். அந்த வேறு ஒருவர் யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அதே கல்லூரியில் அதே பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த என் இளம் சகபணியாளர்தான். முதுகு நோகாமல் ஒரு நோயாளியைக் கட்டிலில் திருப்புவது எப்படி என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது நான். நல்ல பிள்ளை. ஆனால் அவளிடம் லீவு கேட்டு நிற்பதை நினைக்க எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து நல்லவள் என்று பெயரெடுக்க எனக்கு விருப்பமில்லை.

திரும்பப் போய்ப் பார்த்தால் கல்லூரி அடியோடு மாறியிருந்தது. இப்போது அங்கே எல்லாமே திறனை அடிப்படையாகக் கொண்டதாம். வகுப்பில் எத்தனை மணித்தியாலம் குந்தியிருந்தாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். என்ன செய்யத் தெரியும் என்றுதான் கேட்பார்கள். தெரிந்ததை நிரூபித்துவிட்டால் அந்த மொடூலை, அதாவது அந்தப் பாட அலகை, படிக்க வேண்டாம். தெரியாதவற்றை மட்டும் தெரிவுசெய்து படித்து முடித்தால் பட்டம் கையில். கேட்கும்போதே இனித்தது. இருபது வருட வேலையை முன்னால் வைத்தால் எனக்கு ஒன்றிரண்டு மொடூல்தான் மிஞ்சும் என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

முதல் படி ஒரு சுயமதிப்பீடு. கணினியில் ஒவ்வொரு திறனாக வரும். ஒன்று என்றால் தெரியாது. ஐந்து என்றால் நன்றாகத் தெரியும், மற்றவருக்கும் கற்பிக்க முடியும். தேத்தண்ணீரோடு குசினி மேசையடியில் குந்தினேன். "மரணத் தறுவாயில் உள்ளவருடனும் அவருடைய குடும்பத்தாருடனும் உரையாடுதல்" என்று வந்தது. அதைச் செய்யாத மாதம் என் வேலையில் இருந்ததில்லை. விரல் நான்குக்குப் போனது. நான்கு என்றால் கொஞ்சம் திமிராகத் தெரிந்தது. மூன்றும் அவ்வளவு அடக்கமாகத் தெரியவில்லை. இரண்டு போட்டேன். அதற்குப் பிறகு மற்றவற்றுக்கும் இரண்டு போடுவதுதானே நியாயம்? ஐந்து போடுவதென்பது, கலியாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து "நான் நல்ல வடிவு" என்று அறிவிப்பதற்குச் சமன்.

கணவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"நீர் ஏன் எல்லாத்துக்கும் இரண்டு போட்டிருக்கிறீர்?"

"அப்ப எவ்வளவு போடச் சொல்லுறீங்கள்?"

"கை கழுவுறதுக்காவது மூண்டு போடும்."

எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் என்னை இவ்வளவு வெளிப்படையாகப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. இருந்தாலும் இரண்டை நான் மாற்றவில்லை.

இந்தக் கலையை எனக்கு யாரும் தனியாகக் கற்றுத்தரவில்லை. ஆனால் அதில் தேர்ச்சி பெற்ற இடம் எதுவென்று கேட்டால், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும் கட்டடத்தின் நடைகூடம் என்று சொல்வேன். உள்ளே பிள்ளைகள் அ, ஆ படிக்க, வெளியே தாய்மார் தேத்தண்ணீர்ப் போத்தலோடு நின்று தங்கள் பிள்ளைகளைக் குறைத்துப் பேசும் போட்டி நடத்துவோம். அதில் அசைக்க முடியாத வெற்றியாளர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த ஓர் அக்கா. "என்ரை பெடியன் புத்தகத்தைத் தொடுறதே இல்லை. எங்கையாவது சாமான் ஏத்தித்தான் பிழைக்கப் போறான்" என்பா. பெடியன் இப்போது இருதய வைத்தியன். யாராவது தங்கள் பிள்ளையை உள்ளபடி புகழ்ந்துவிட்டால் நடைகூடமே அமைதியாகிவிடும். நாவூறு பட்டுவிடும் என்ற பயம் ஒன்று. அதைவிட, அந்த அக்கா அடுத்த கிழமை என்ன சொல்லுவா என்ற பயம் பெரியது.

என் மகள் வகுப்பில் எப்போதும் முதலாவது. வகுப்பு முடிந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "மகள் என்ன மாதிரி?" என்று அக்கா கேட்பா. "இவளோ? ஏதோ போறாள், வாறாள்" என்பேன் நான். அக்கா திருப்தியாகத் தலையாட்டுவா. மகள் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சரி, கணினிக்கு வருவோம். ஜெர்மன்காரரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடுவார்கள். எங்களிடத்தில் ஒருவர் இரண்டு என்றால், எதிரில் இருப்பவர் "சும்மா சொல்லாதேங்கோ, உங்களுக்குத் தெரியாததோ?" என்று சொல்லி அதை ஐந்தாக உயர்த்திவிட வேண்டும். அது அவருடைய கடமை. அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் இரண்டு என்கிறோம். கணினிக்கு இந்தக் கடமை தெரியவில்லை. மறுநாளே "உங்களுக்கான தனிப்பட்ட பாதை" என்று ஒன்பது மொடூல்களை அனுப்பியிருந்தது. முதலாவது, "முதியோருடன் பேசுதல்: ஓர் அறிமுகம்." அடுத்தது, கை சுகாதாரத்தின் அடிப்படைகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சக் காலம் வேறு. எல்லாவற்றையும் கூட்டினால், இலையுதிர்காலம் இரண்டு முறை வந்து போன பிறகுதான் எனக்குக் கை கழுவத் தெரியும் என்று சான்றிதழ் கிடைக்கும்.

அன்று இடைவேளையில் என் இளம் சகபணியாளர் தன்னுடைய பாதையைக் காட்டினாள். இரண்டே இரண்டு மொடூல். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தாள். மறதிநோய் உள்ளவர்களைக் கையாள்வதற்கும் ஐந்து. போன கிழமைதான், குளிக்க மறுத்த ஒரு முதியவரைச் சம்மதிக்க வைக்க முடியாமல் என்னைத் தேடி ஓடி வந்தவள்.

"அன்றைக்கு என்னைத்தானே கூப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

"ஆமாம். யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருப்பதும் ஒரு திறமைதானே?" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினாள். யோசித்துப் பார்த்தால் அது சரியும்கூட. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கல்லூரியின் ஆலோசகரோடு காணொளியில் பேசுவதற்கு நேரம் குறித்து டெர்மின் எடுத்தேன். திரையில் ஓர் இளைஞன் வந்தான், அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய செடி. என் மதிப்பீட்டில் பிழை நடந்துவிட்டதா என்று கேட்டான். பிழை இல்லை, அது மரியாதை என்பதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது? உண்மையில் எனக்கு அதைவிடக் கூடத் தெரியும் என்றேன். "அப்படியானால் ஏன் தெரியாது என்று எழுதினீர்கள்?" என்றான். பாவம், அவன் என்ன செய்வான். செடியாவது கொஞ்சம் தலையை ஆட்டியிருக்கலாம்.

ஒரே ஒரு வழி இருந்தது. பீலெஃபெல்டில் உள்ள கல்லூரியின் கிளைக்கு நேரில் போய், இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு முன்னால் வாய்மொழியாக என்னை நானே மறுபடி மதிப்பிட வேண்டும். இந்த வாய்ப்பு ஒரு தடவைதான். அத்தோடு எந்த விருப்பப்பாடத்தை எடுக்கப் போகிறேன் என்றும் அங்கேயே சொல்ல வேண்டும்.

விருப்பப்பாடம் என்றால் பெயருக்கேற்ப எல்லாரும் தங்கள் விருப்பத்தைச் சொன்னார்கள். "சட்டம் எடும், வீட்டுக்காரனோடை கதைக்க உதவும்" என்றார் கணவர். நான் படிப்பதை எங்கள் தமிழ்ச் சனத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் படித்துக் கோட்டை விட்டால் அந்த நடைகூடத்துப் பக்கம் தலை காட்ட முடியுமா? ஆனால் ஹம்மில் ரகசியம் என்றால், எல்லாரும் மெல்லிய குரலில் பேசும் செய்தி என்று அர்த்தம். தமிழ்க் கடையில் மரக்கறி தெரிவுசெய்துகொண்டு நின்றபோது அந்த அக்கா காதுக்குக் கிட்ட வந்தா.

"தங்கச்சி, புள்ளிவிபரவியல் எடும். பேரைக் கேட்ட உடனை ஆக்களுக்குப் பயம் வரவேணும்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. என் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் படிக்க ஆசைப்படாத பாடம். அதனாலேயே அது உண்மையான படிப்பு மாதிரி இருந்தது. தெரிந்த வேலையைச் சொல்லிப் பட்டம் வாங்குவது ஏதோ களவு மாதிரி. தலையிடியோடு வாங்கினால்தான் எங்களுக்கு அது பட்டம்.

மகள்தான் ஒவ்வொரு நாளும் பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் கைபேசியில் எனக்குப் பயிற்சி தந்தாள்.

"அம்மா, நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லுங்கோ. எனக்கு இது நல்லாத் தெரியும்."

"எனக்கு இது ஓரளவுக்கு..."

"ஓரளவு இல்லை, அம்மா. நல்லா."

"நல்லா எண்டு சொல்ல ஏலாது பிள்ளை. வாய் வருகுதில்லை."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "எனக்குத் தெரியும் உங்களுக்கு வராது எண்டு" என்றாள். அப்போது நான் அதைப் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தனியாகவும் சொல்லிப் பார்த்தேன். வெளியிலிருந்து கணவர், "ஆரோடை கதைக்கிறீர்?" என்று கேட்டதோடு அந்தப் பயிற்சியும் முடிந்தது.

பீலெஃபெல்டில் என் முன்னால் இருந்தவர்கள் இரண்டு பேர்: நரைத்த தாடியோடு ஒரு மனிதர், மெல்லிய குரலில் பேசும் ஒரு பெண்மணி. கோப்பி தந்தார்கள். அன்பாகத்தான் இருந்தார்கள். கடுமையாக இருந்திருந்தால் எனக்கு ரோசம் வந்திருக்கும். அன்பாக இருந்ததால் அடக்கம் வந்து தொலைத்தது.

மறதிநோய்ப் பராமரிப்பில் இப்போது உங்களை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்கள். "இரண்டரை" என்றேன். குழுவை வழிநடத்துவதில்? "மூன்று இருக்கலாம்." என் வாயே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஏதாவது உதாரணம் சொல்ல முடியுமா என்று அந்த மனிதர் கேட்டபோது, எல்லாரும் செய்கிற வேலைதான், விசேஷமாக ஒன்றுமில்லை என்றேன். அவர் குறித்துக்கொண்டார். இலையுதிர்காலம் என் கையை விட்டுப் போவது எனக்கே தெரிந்தது. ஆனாலும் வாய் திறந்தால் மூன்றுக்கு மேலே எண் வரவில்லை.

அப்போது அந்தப் பெண்மணி இன்னும் மெல்லிய குரலில் சொன்னார்: "மரணத் தறுவாயில் உள்ளவர்களோடு பேசுவதில் உங்களுக்குத் தயக்கம் இருப்பது போலத் தெரிகிறது. அதில் தவறில்லை. எங்களுடைய அறிமுக மொடூல் உங்களுக்கு உதவும். முதலில் ஒரு பொம்மையோடு பேசிப் பழகலாம்."

பொம்மை என்ற சொல்லோடு எனக்குள் ஏதோ அறுந்தது.

"எங்கள் பகுதியில் ஒருவரும் தனியாகச் சாவதில்லை. தெரியுமா?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "போன குளிர்காலத்தில் ஓர் அம்மா இருந்தார். ஒவ்வொரு நாளும் மகன் வருகிறானா என்று கேட்பார். அவர்கள் பேசாமல் விட்டுப் பல வருடம். வருவான் என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மகனுக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன். வைத்துவிட்டான். திரும்ப எடுத்தேன். வந்தான், வந்து கதவடியில் நின்றான். என்ன பேசுவதென்று தெரியாமல் நின்ற அந்தப் பெரிய மனிதனைக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, ஒன்றும் பேச வேண்டாம், கையைப் பிடியுங்கள் என்றேன். விடியும்வரை பிடித்திருந்தான். அந்த அம்மாவின் மூச்சு நின்ற பிறகு, உயிர் வெளியே போகட்டும் என்று யன்னலைத் திறந்துவிட்டேன். அன்று முதன்முதலாக மரணத்தைப் பார்த்து நடுங்கிய இளம் தாதிக்கும் பக்கத்தில் இருந்தேன். இதற்கு நான் ஐந்து போடுகிறேன். உங்கள் அளவில் ஆறு இருந்தால் ஆறு போடுங்கள். பொம்மையை வேறு யாருக்காவது கொடுங்கள்."

தாடிக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "கை சுகாதாரம்?" என்று கேட்டார்.

"அதற்கும் ஐந்து!"

அவர் சிரிப்பை அடக்கவில்லை. இப்படி ஓர் உதாரணத்துக்காகத்தான் ஆரம்பத்திலிருந்தே காத்திருந்தோம் என்றார். அப்படியானால் இவ்வளவு நாளும் ஏன் இரண்டு என்று அந்தப் பெண்மணி கேட்டார். "எங்களிடத்தில் அதைக் கூட்டிச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேச்சு ஓடியது. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லத் தொடங்கியபின், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் சுலபமாகிவிட்டது. ஆவணப்படுத்தலின் புதிய விதிமுறைகள் எனக்கு உண்மையிலேயே இரண்டுதான், அவர்களும் மறுக்கவில்லை. விருப்பப்பாடம் என்ன என்று கேட்டார்கள். புள்ளிவிபரவியல் என்றேன். "ஏன்?" என்றார் தாடிக்காரர். கேட்பவர்களுக்குப் பயம் வருவதற்காக என்று சொல்ல முடியுமா? நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, என் விண்ணப்பத்தில் இருந்த தலைமைத் தாதி இடத்தைக் காட்டி அவரே கேட்டார்: "அந்தத் தலைமைத் தாதியின் கதிரையில் நாளைக்கு உட்கார்ந்தால் எது உங்களுக்கு வராது?" யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வேலை நேர அட்டவணை. யாருக்கு லீவு, யார் நோய், யாரை யாரோடு போட்டால் சண்டை என்று மாதாமாதம் தலைமைத் தாதி போடும் அந்த அட்டவணையை என்னால் போட முடியாது. அதைக் கற்பிக்கும் ஆளணித் திட்டமிடல் என்ற மொடூலைத் தெரிவுசெய்தேன். பெயரைக் கேட்டு ஒருவரும் பயப்பட மாட்டார்கள்.

ஒன்பது இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டையும் கோடையில் முடித்தேன்; பட்டமும் நேரத்துக்கு வந்தது, இடமும் கிடைத்தது. இப்போது அந்த அட்டவணையைப் போட்டுவிட்டு எல்லாரிடமும் பேச்சு வாங்குவது நான். என் இளம் சகபணியாளர்தான் எனக்கு அடுத்தபடி. ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. அன்றைக்குத் திரும்பி வந்த ரயிலைப் பற்றித்தான்.

பீலெஃபெல்டில் ரயிலில் ஏறி உட்கார்ந்தால், எதிர்க் கதிரையில் அந்த அக்கா. தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, மடியில் ஒரு பை முருங்கைக்காயோடு வந்துகொண்டிருந்தா.

"எங்கை போட்டு வாறீர்?"

"சும்மா, ஒரு அலுவல் அக்கா."

"ம். சோதனை எண்டு கேள்விப்பட்டன்."

அதற்குள் மகள் அழைத்தாள். கையால் வாயை மூடிக்கொண்டு, இரண்டு மொடூல்தான் மிச்சம் என்று சொன்னேன். அவள் அந்தப் பக்கத்தில் கத்திய கத்தல் அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

"அம்மா, எத்தனை போட்டீங்கள்?"

"ஐஞ்சு."

"உங்கடை வாயாலையோ?"

"ஓம் பிள்ளை. என்ரை வாயாலை தான்."

அந்தப் பக்கத்தில் அவளுடைய பாதாள ரயிலின் கதவுகள் மூடும் சத்தம் வந்தது. பிறகு, விளையாட்டாகக் கேட்பது போல, ஆனால் சிரிக்காமல் கேட்டாள்.

"அப்ப எனக்கு எத்தனை போடுவீங்கள், அம்மா?"

அக்கா முருங்கைக்காய்ப் பையைச் சரிசெய்வதை நிறுத்தியிருந்தா. ஏதோ போறாள், வாறாள் என்ற பதில் பழக்கத்தில் தொண்டைவரை வந்துவிட்டது. மதிப்பீட்டாளர்கள் முன்னால் ஐந்து என்று கத்தியதுகூட இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அவர்கள் யாரோ, இவ இப்போதும் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை நடைகூடத்தில் நிற்பா. வாயை மூடியிருந்த கையை எடுத்தேன்.

"உனக்கு ஐஞ்சு பிள்ளை. எப்பவும் ஐஞ்சு தான்," என்றேன், அந்தப் பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி.

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தா.

"அம்மா," என்றாள் மகள், "உங்களுக்குப் பக்கத்திலை ஆர் இருக்கினம்?"

"தமிழ்ப் பள்ளிக்கூடத்து அக்கா."

"அவவுக்கு முன்னாலையோ சொன்னீங்கள்?"

"ஓம்," என்றேன். "அவவுக்கு முன்னாலை தான்."

அந்தப் பக்கத்தில் என் மகள் அழுதாள்.